கிளாடியஸின் இடது காதுக்குப் பின்னால்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. போன மாதம் பழைய இடத்திலிருந்து ஷாமளா கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அரை மணி நேரம் என் அனுபவத்தைப் பேச முடியுமா என்று கேட்டாள். இப்போதெல்லாம் அறிக்கையைத் தாளில் எழுதுவதில்லையாம், டேப்லெட்டில்தானாம். முந்தைய அறிக்கையில் இருப்பதை அப்படியே புதியதில் கொண்டுவந்து போட ஒரு பொத்தான் இருக்கிறதாம். “ரொம்ப ஈஸி அக்கா, டைம் மிச்சம்லா,” என்றாள்.

முட்டிவலி, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். முட்டி வலிப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான் செய்வதை நான் ஒருமுறை கையாலேயே செய்திருக்கிறேன். அதைப் பத்துப் பேர் முன்னால் நின்று சொல்லத் தெம்பில்லை. உட்கார்ந்து எழுதினால் முடியும் போலத் தோன்றியது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா சிக்னல் பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் சர்ச், மற்ற நாள் பள்ளிக்கூடம், அப்புறம் டைப்பிங் வகுப்பு. கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். சில வருடத்தில் பொருள் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் கடைசிவரை இருந்தேன்.

அந்தப் பிரிவின் வேலை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பொருள் உள்ளே வரும்போது எப்படி இருந்தது, வெளியே போகும்போது எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பது. அதற்கு நிலை அறிக்கை என்று பெயர். எங்கே கீறல், எங்கே விரிசல், எங்கே கறை, எத்தனை மில்லிமீட்டர். நாளைக்கு ஏதாவது உடைந்துபோனால், யார் கையில் உடைந்தது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பிரிவுத் தலைவி புவான் ரொஹானி; மலாயில் புவான் என்றால் அம்மையார். ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், தலையில் சுற்றிய துடோங்கைக் குத்தியிருக்கும் ஊசியைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பொருள் இருக்கும் அறைக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். டார்ச் லைட்டை நேராக அடிக்க விடமாட்டார். பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடிக்கச் சொல்வார். அப்போதுதான் சின்னக் கீறலுக்கும் நிழல் விழும். அறிக்கையில் ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். உன் அபிப்பிராயத்தை எழுதாதே, கண்ணால் பார்த்ததை எழுது என்பார். கண்காட்சிக்குப் பொருளை இரவல் கொடுத்தவர்கள் அனுப்பும் பழைய அறிக்கையை நாம் பார்த்து முடிக்கும் வரை படிக்கவே கூடாது. படித்தால் கண் அதைத்தான் தேடும் என்பது அவர் கணக்கு.

இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு நாள் செய்யவில்லை.

ஐரோப்பாவிலிருந்து ஒரு சிறிய கண்காட்சி வந்தது. ரோமாபுரியை ஆண்ட கிளாடியஸ் என்ற ஒரே ஒரு சக்கரவர்த்தியைப் பற்றியது. சில விளக்குகள், ஜாடிகள், கல்வெட்டின் துண்டு ஒன்று, நடுநாயகமாக ஒரு பளிங்குத் தலை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் பழையது.

சாமான் தூக்கும் வேலைக்கு ஒரு காண்டிராக்ட் கம்பெனி ஆட்களை அனுப்பும். அதில் சூசை என்றொருவர் இருந்தார். சாலாக் செலாத்தானில் வீடு, கத்தோலிக்கக் குடும்பம், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கனமான பொருளைத் தரையில் வைக்கும்போது சத்தமே வராது. அவர் வந்திருக்கிறாரா என்று புவான் ரொஹானியே கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். சூசைக்குப் பேச்சு திக்கும். நண்பர்களோடு பேசும்போது கொஞ்சமாக. மேலதிகாரி எதிரில் நின்றால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும்.

சுவரில் விளக்கப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தோம். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று சூசை கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் படித்துச் சொன்னேன்.

கிளாடியஸ் அரச குடும்பத்தில் பிறந்தும் யாருக்கும் வேண்டாத பிள்ளை. கால் இழுத்து நடப்பார், பேச்சு திக்கும், தலை ஆடும். இயற்கை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்ட உருவம் என்று பெற்ற தாயே சொன்னாளாம். சபையில் உட்கார வைக்கவே வெட்கப்பட்டார்கள். அவர் பாட்டுக்குச் சரித்திரம் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். குடும்பத்தில் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டபோது, இவன் எதற்கும் ஆகாதவன் என்று இவரை மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசியில் அண்ணன் மகன் கலிகுலா பட்டத்துக்கு வந்து, வெறியாட்டம் ஆடி, சொந்தக் காவலர்கள் கையாலேயே செத்தான். அன்றைக்கு இவர் பயந்து ஒரு திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். திரைக்குக் கீழே கால் தெரிய, ஒரு சிப்பாய் வெளியே இழுத்தான். கொல்லத்தான் போகிறான் என்று காலில் விழுந்தவரைத் தூக்கிச் சக்கரவர்த்தி ஆக்கிவிட்டார்கள். அப்போது வயது ஐம்பது.

சூசை சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார்.

“பே... பேச்சு திக்குமா அக்கா அவருக்கு?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்புறம் எ... எப்படி ஆண்டாரு?”

மீதியையும் படித்தேன். பதின்மூன்று வருடம் ஆண்டிருக்கிறார். ரோமுக்குச் சோறு கப்பலில் வரவேண்டும். கப்பல் நிற்க நல்ல இடமில்லை. முடியாத காரியம் என்று கட்டுமானக்காரர்கள் சொல்லியும் கேட்காமல் கடலுக்குள் கரைகட்டித் துறைமுகம் போட்டார். மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். நோய்வாய்ப்பட்ட அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்கச் செலவாகிறது என்று எசமானர்கள் அவர்களை ஆற்றின் நடுவே ஒரு தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அப்படி விடப்பட்டவன் பிழைத்துக்கொண்டால் அவன் சுதந்திரமானவன், திரும்ப யாருக்கும் அடிமை இல்லை என்று உத்தரவு போட்டது இந்த மனிதர்தான்.

நல்லவர் என்று சொல்லி முடிக்கவும் முடியாது. அவர் கையெழுத்தில் செத்தவர்கள் நிறையப் பேர். ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவாராம். மறுநாள் அதே ஆளைச் சூதாட வரச் சொல்லி ஆள் அனுப்புவாராம். தன் மனைவியைக் கொன்றாகிவிட்டது என்று தெரியாத மாதிரி, ராணி ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அடுத்த மனைவி காளானில் விஷம் வைத்துக் கொன்றாள் என்பது பேச்சு. செத்த பிறகு அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். அரண்மனையில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

சூசைக்குத் துறைமுகமும் தீவும்தான் பிடித்தன. கையெழுத்து விஷயத்தை அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அது எனக்குத்தான் அப்புறம் பல வருடம் காதில் கேட்டது.

தலை வந்த நாளைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் குளிரும் வெளியே இருக்கும் சூடும் சமமாக ஒரு நாள் முழுக்க மூடியே வைக்க வேண்டும். ஒரு நாள் ஆனதும் காலையில் திறப்பதாக ஏற்பாடு. கூடத்தின் ஏர்கண்டிஷன் தகராறு செய்து, அது சரியாகி, திறப்பதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. புவான் ரொஹானியை மேலே ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும், தலையோடு கூடவே வந்திருந்த வெளிநாட்டு அதிகாரியும், சூசையும் இன்னொருவரும்தான்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் அது மூன்றாவது வருடம். வீடு அப்போது கிள்ளானில். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தலையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த நேரத்தில் போன் வந்தது. டயாலிசிஸ் முடிந்து எழுந்தவர் மயங்கி விழுந்துவிட்டார், ஆள் வேண்டும் என்றார்கள். நான் முகத்தைப் பார்த்தேன், இரண்டு பக்கத்தையும் பார்த்தேன், கழுத்து வெட்டைப் பார்த்தேன். பின்பக்கம் மேசையில் விரித்திருந்த ஃபோமில் புதைந்து இருந்தது. அதைப் பார்க்க மறுபடி இரண்டு பேர் தூக்கித் திருப்ப வேண்டும். இருபது நிமிடம் ஆகும். அந்த அதிகாரியும் நாள் கணக்கில் தூங்காதவர் மாதிரி இருந்தார். அவர்கள் அறிக்கையை எடுத்தேன். ‘பின்புறம்: சேதம் இல்லை’ என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. அதையே பார்த்து எழுதினேன். ஒரே வாக்கியமாகத் தெரியக் கூடாது என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றினேன். இன்றைக்கும் எனக்குக் கூசுவது அந்த மாற்றம்தான். கையெழுத்துப் போட்டேன். அதிகாரியும் போட்டார். மாலையில் புவான் ரொஹானி மேல்கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான்.

நாலு மாதம் தலை ஒரு மேடையில், சுவரை ஒட்டி இருந்தது. பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

கண்காட்சி முடிந்து திருப்பி அனுப்பும் நாள். அதே அதிகாரி வந்திருந்தார். இந்த முறை நன்றாகத் தூங்கி வந்திருந்தார். சூசையும் இன்னொருவரும் தலையை மேடையிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார்கள். அவர் பின்னால் போய், விரலை இடது காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். விரல் நின்றது. டார்ச் கேட்டார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். சுற்றிலும் மஞ்சளேறிய பளிங்கு, பள்ளம் மட்டும் பால் மாதிரி வெள்ளை. அவர் எங்கள் அறிக்கையைப் புரட்டினார். பின்புறம் சேதம் இல்லை. என் கையெழுத்து.

தூக்கியவர்களில் காதுப்பக்கம் பிடித்தவர் யார் என்று கேட்டார்கள். சூசை.

மறுநாள் காலை கூட்ட அறையில் உட்கார்ந்தோம். எங்கள் தரப்பில் துணை இயக்குநர், புவான் ரொஹானி, கோப்போடு நான். அந்தப் பக்கம் காண்டிராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசரும் சூசையும். பெல்ட் பட்டதா, மோதிரம் போட்டிருந்தாயா, மேடையில் இடித்ததா என்று சூப்பர்வைசர் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். சூசை வாயைத் திறந்தார். “இ... இ...” என்று அதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி முயன்றார். சூப்பர்வைசர் பொறுமையாகக் காத்திருப்பது போல இருந்துவிட்டு, துணை இயக்குநரைப் பார்த்து, பயந்துபோயிருக்கிறான், செய்தது அவனுக்கே தெரியும் என்றார்.

சூசை என்னைப் பார்த்தார். அவருக்காக உண்மையைச் சொல்ல முடிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். கோப்பைத் திறந்து குனிந்துகொண்டேன். அரசாங்க வேலை இருப்பதால்தான் என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வேலை போனால் அவர் போய்விடுவார். அந்த நேரத்தில் அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இனி அந்த ஆளை அனுப்ப வேண்டாம் என்று துணை இயக்குநர் சொன்னார். கூட்டம் கலைந்தது.

இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே, ஒருவேளை சூசைதான் உடைத்திருப்பாரோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைக்க முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் பொருளை இறக்கும் விதம் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை புவான் ரொஹானியின் அறைக்குப் போனேன். அவர் என் அறிக்கையைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் இரவல் கொடுத்தவர்களின் அறிக்கை. இரண்டையும் ஒப்பிட்டுப் படித்திருக்கிறார் என்று உடனே புரிந்தது.

“கிரேஸ்,” என்றார். “யூ தெங்ஙோக் கே தாக்?”

பார்த்தாயா இல்லையா. அவ்வளவுதான் கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். போன் வந்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். காரணம் எனக்கு வேண்டாம் என்ற அர்த்தத்தில் இல்லை. எனக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில். தானும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏதோ ஒரு பொருளைத் தொடப் போகிறார் என்று தெரிந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிடங்கில் காலி மரப்பெட்டிகளை வைத்திருந்தோம். தகராறு தீரும் வரை தலையை அனுப்பாததால் அதன் பெட்டியும் இன்னும் அங்கேயே இருந்தது. என் அறிக்கை உண்மை என்றால், சேதம் பெட்டியைத் திறந்த பிறகு நடந்தது. பெட்டியில் தேட ஒன்றுமில்லை. அதனால்தான் யாருமே அதைத் திறக்கவில்லை. என் அறிக்கை பொய் என்றால், வரும் வழியிலேயே நடந்திருக்கலாம்.

தகரக் கூரை, உள்ளே கொதித்தது. நாங்கள் இருவரும் தரையில் வெள்ளைத் தாள் விரித்து, ஃபோமை ஒவ்வொரு அடுக்காக எடுத்து அதன்மேல் வைத்துத் தட்டினோம். புவான் ரொஹானி முட்டி போட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மூன்றாவது அடுக்கில், இடது காது பதிந்திருந்த குழிக்குள், மெல்லிய துணிக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஏதோ உருண்டது. இடுக்கியால் எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் மஞ்சள் வர்ணம், மறு பக்கம் வெள்ளை. பளிங்கே இல்லை, சுண்ணாம்புச் சாந்து. எப்போதோ யாரோ பழைய உடைசலை அடைத்து வர்ணம் பூசியிருக்கிறார்கள். விமானத்தில் ஆடி ஆடி உதிர்ந்துவிட்டது. கோலாலம்பூரில் சூசை தொடுவதற்கு முன்பே.

அந்தத் தலைக்கு இன்னொரு கதையும் இருந்தது. அந்தத் துண்டு பொருந்துகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பி வைத்தபோது புவான் ரொஹானி காட்டினார். முன்னால் இருப்பது கிழவரின் முகம்; பிடரியில் இருப்பது வாலிபன் ஒருவனின் அடர்ந்த முடி. முதலில் அது கலிகுலாவின் தலை. அவன் செத்ததும் அவன் முகத்தைச் செதுக்கிவிட்டு அதிலேயே கிளாடியஸை வடித்திருக்கிறார்கள். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அதுதான். நான் தலை குனிந்து நின்றேன்.

இரவல் கொடுத்தவர்கள் பழைய படங்களைத் தேடி, அடைப்பு இருந்தது உண்மைதான் என்று எழுதினார்கள். அவர்களுடைய அறிக்கையும் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்த்து எழுதியது என்று தெரிந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு அதோடு நின்றது. வேலை போகவில்லை. புவான் ரொஹானிக்கும் ஒரு கடிதம், அதுவும் கடைசி வருடத்தில். அதை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, அன்றைய வேலையைப் பார்க்கப் போனார்.

சூசை தவறு செய்யவில்லை என்று அருங்காட்சியகமே ஒரு கடிதம் கொடுத்தது. தபாலில் அனுப்பலாம் என்றார்கள். நான் கையில் வாங்கிக்கொண்டேன். காண்டிராக்ட் கம்பெனி அவரை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது. பண்டமாரானில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை, கணவரை டயாலிசிஸில் விட்டுவிட்டுப் போனேன்.

மத்தியான இடைவேளை. லோரி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பார்க்காமல் எழுதியதைச் சொன்னேன், இரண்டு நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். முடித்ததும் அவர் தண்ணீர்ப் போத்தலை மூடிக் கீழே வைத்தார்.

“என்னை கே... கேள்வி கேக்கறப்ப நீங்க அங்கதான் இருந்தீங்க அக்கா.”

“இருந்தேன்.”

“நா... நான் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுங்கன்னு நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

கடிதத்தை நீட்டினேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள், நானே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். உறையைக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரிக்கவில்லை.

“படிச்சுப் பாக்கலையா சூசை?”

“வீ... வீட்டுல படிச்சுக்கறோம். உடைச்சியா, உண்மையச் சொல்லுன்னு பொண்டாட்டி கேட்டுச்சு. மகளும் கேட்டுச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மக படிக்கட்டும். ச... சத்தமா.”

உறையை மடிக்காமல் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துப் பட்டனைப் போட்டார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, வரிசையாக நின்ற கன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து போனார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கணவரைக் கூட்டிக்கொண்டு போக நேரமாகியிருந்தது.